சிறிய காரைத் தாழ்த்தி அலாய் சக்கரம் பூட்டுவது: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சாலைகளை மனத்தில் வைத்து எழுதிய செய்முறை

வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் அன்றாடம் போய்வரும் நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர்த் தாலுகாக் கார்களில், அலாய் சக்கரம் மாற்றித் தாழ்த்தப்பட்டவை இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. அவற்றில் சில வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்புகின்றன. பல, நான்கு பேர் ஏறியதும் மட்கார்டுக்குள் டயர் உரசி, ஆறே மாதத்தில் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் செலவான பணம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது வண்டிக்காரர் வேலையைத் தொடங்குவதற்கு முன் அளவு எடுத்திருக்கிறார், மற்றவர்கள் எடுக்கவில்லை. கார் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதைவிட, குழியில் விழும்போது சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதே இந்த வேலையில் முதலில் பார்க்க வேண்டியது. கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த இடத்தைக் காப்பாற்றுவதற்காகவே.

உதாரணங்களுக்கு 2018-இல் வந்த மாருதி சுசுகி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் அதிகம் ஓடுவதும், பாகங்கள் எளிதில் கிடைப்பதும் அந்த வண்டிதான். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் முறையை அப்படியே பின்பற்றி, எண்களை மட்டும் தங்கள் வண்டிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இந்த விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் முன்பு அளித்திருந்த தளர்வான தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே கேஎல் 70 வண்டி வைத்திருப்பவர்கள் சித்தூர் ஆர்.டி. அலுவலகத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்கள் தங்கள் அலுவலகத்திலும், எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்று எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அது வழியாகிவிடும். அதே வண்டியின் உயர்ந்த வகைக்கு நிறுவனமே கொடுத்திருக்கும் சக்கர அளவைத் தேர்ந்தெடுப்பது எல்லா வகையிலும் பாதுகாப்பான பாதை. ஸ்விஃப்டின் கீழ் வகைக்கு 165/80 ஆர் 14 டயரும் மேல் வகைக்கு 185/65 ஆர் 15 டயரும் நிறுவனமே பூட்டிக் கொடுத்தவை.

சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் மூன்று எண்களிலிருந்து அதன் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 185/65 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ.; அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 15 அங்குல ரிம் 381 மி.மீ. இரண்டு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் ஏறக்குறைய 621 மி.மீ. வரும். இதே கணக்கில் 165/80 ஆர் 14 டயருக்கு 620 மி.மீ., 195/55 ஆர் 16 டயருக்கு 621 மி.மீ., 205/45 ஆர் 17 டயருக்கு 616 மி.மீ. கிடைக்கிறது. முதல் மூன்றும் ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் ‘இதுவும் பதினாறுதானுங்க, விலை கம்மி’ என்று 195/50 ஆர் 16 டயரை எடுத்து வைத்தால் அதன் விட்டம் 601 மி.மீ. மட்டுமே. வண்டி 10 மி.மீ. கூடுதலாகத் தாழும், ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும், ஓடோமீட்டரும் அப்படியே. பழைய விட்டத்திலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருப்பது நல்ல வரம்பு.

பக்கச்சுவர் உயரத்தையும் அதே கையோடு பாருங்கள். 15 அங்குலத்தில் 120 மி.மீ. ரப்பர் இருந்த இடத்தில், 16-இல் 107-உம், 17-இல் 92-உம் மட்டுமே இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாமல் கிடக்கும் குழியில் அந்த ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. நம் சாலைகளுக்கு 15 அங்குலம் போதும் என்பதும், 16-ஐத் தாண்டவே வேண்டாம் என்பதும் என் உறுதியான கருத்து. 17 அங்குலம் பூட்டிய சிறிய காரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ரிம் வளையாமல் தப்பிப்பது கடினம்.

டயரின் சுமைக் குறியீட்டைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. அளவுக்குப் பின்னால் வரும் 88 என்ற எண் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், 87 என்பது 545 கிலோவையும், 84 என்பது 500 கிலோவையும் குறிக்கின்றன. அகலமான டயர் என்பதனாலேயே அது கூடுதல் சுமை தாங்கும் என்று எண்ணக் கூடாது. பக்கச்சுவர் குறைந்தால் உள்ளிருக்கும் காற்றின் அளவும் குறைகிறது. உங்கள் வண்டியின் அதே வகைக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் குறியீட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

அடுத்தது பி.சி.டி., அதாவது போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம். நான்கு துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் இது நேரடியாகக் கிடைத்துவிடும். ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் ஐ20-க்கும் ஹோண்டா ஜாஸுக்கும் 4×100, அதாவது நான்கு துளை, 100 மி.மீ. ஃபோர்டு ஃபிகோவுக்கு 4×108. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5×100. பி.சி.டி. 98 உள்ள சக்கரத்தை 100 உள்ள வண்டியில், இரண்டு மி.மீ.தானே வித்தியாசம் என்று தட்டிப் பூட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பூட்டினால் நட்டு சாய்ந்து உட்காரும், அது ஏறும் ஸ்டட் கம்பி வளையும், ஓடும்போது ஒரு நாள் முறியும். துளை பொருந்தவில்லை என்றால் அந்தச் சக்கரம் உங்கள் வண்டிக்கு உரியதல்ல; அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நடுத்துளையும் அதே அளவு முக்கியம். ஸ்விஃப்டின் ஹப், அதாவது சக்கரம் உட்காரும் அச்சு முகப்பின் நடுப்பகுதி, 54.1 மி.மீ. கடையில் கிடைக்கும் அலாய் சக்கரங்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அவற்றின் நடுத்துளை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 மி.மீ. என்ற அளவில் இருக்கும். இடையில் உள்ள வெற்றிடத்தை ஹப் ரிங் என்னும் வளையம் நிரப்ப வேண்டும். வளையம் இல்லாமல் பூட்டினால் சக்கரம் மையம் விலகி நிற்கும்; பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் வேகம் கூடும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம் போகாது. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து இந்த வளையத்தை விட்டுவிட்டு, பிறகு அந்த நடுக்கத்துக்காக ஷாக், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஆஃப்செட். சக்கரத்தின் உட்புறத்தில் இ.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் இது; ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய சக்கரம் 5.5 ஜே, அதாவது 5.5 அங்குல, அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்டது என்றும், புதியது 6.5 ஜே அகலமும் 40 ஆஃப்செட்டும் கொண்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கூடியிருக்கிறது, அதில் பாதி, 12.7 மி.மீ., உள்ளேயும் வெளியேயும் பிரியும். ஆஃப்செட் 5 மி.மீ. குறைந்திருப்பதால் சக்கரம் முழுவதும் 5 மி.மீ. வெளியே நகரும். ஆக உள்விளிம்பு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கத் தூணான ஸ்ட்ரட்டுக்கு 7.7 மி.மீ. நெருங்குகிறது, வெளிவிளிம்பு மட்கார்டுப் பக்கம் 17.7 மி.மீ. தள்ளிப் போகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் உங்கள் வண்டியில் இடம் இருக்கிறதா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே, பழைய சக்கரத்தை வைத்து அளந்துவிடலாம். மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர் கல்லையும் சேற்றையும் பின்னால் வருபவர் மேல் வாரி அடிக்கும். சோதனைக்கு நிற்கும் அதிகாரியின் கண்ணுக்கும் அதுவே முதலில் தெரியும். ஆஃப்செட்டைச் சரிக்கட்ட, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஸ்பேசர் என்னும் தகடு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியான ஆஃப்செட் உள்ள சக்கரம் கிடைக்கும்வரை காத்திருப்பது மேல்.

சக்கரத்தில் ஜே.டபிள்யூ.எல். அல்லது வி.ஐ.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியச் சோதனை முறைக்கு உட்பட்டவை என்பதற்கான குறிகள் அவை. பழைய சக்கரம் வாங்குவதானால் பேலன்சிங் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த ரிம்மை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். முடிந்தால் பழைய இரும்புச் சக்கரத்தையும் புதிய அலாயையும் ஒரு தராசில் ஏற்றுங்கள். அலாய் என்றாலே இலேசு என்பது பொதுவான எண்ணம். அளவு பெரிதான மலிவு அலாய், நிறுவனம் கொடுத்த இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது உண்டு. கனமான சக்கரத்தைக் குழியில் கட்டுப்படுத்த ஷாக் படும் பாட்டை முதுகெலும்பு உணரும்.

எவ்வளவு தாழ்த்துவது

ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. 30 மி.மீ. தாழ்த்தினால் 133 மிஞ்சும். இது போதுமா என்பதற்கு வேகத்தடையை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டதாக இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர். அப்படிப்பட்ட மேட்டின் மேல் நான்கு சக்கரங்களும் நிற்கும்போது வண்டியின் வயிற்றுக்கு நேரே மேடு 44 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும், 133 மி.மீ. தாராளம். நம்மூர்களில் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் கள்ளுக்கடைத் திருப்பத்திலும் இருப்பவை பெரும்பாலும் இந்த விதிக்கு உட்பட்டவை அல்ல. ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மேட்டில், அதன் முழு உயரமும் வயிற்றுக்கு நேரே வந்துவிடும். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறி வண்டி இன்னும் அமுங்கியிருக்கும்போது 133 என்பது நூறுக்கும் கீழே போகும். இதனால்தான் 25 முதல் 30 மி.மீ. வரை என்பதை இப்பகுதிக்கு உரிய எல்லையாக நான் வைக்கிறேன். சந்தைக்குப் போகும் வழியில் உள்ள மோசமான மேட்டின் உயரத்தை ஒரு நாள் காலையில் போய் நேராகவே அளந்து வாருங்கள்; அது எந்தப் புத்தகத்தைவிடவும் பயன்படும்.

தரை இடைவெளி கண்ணுக்குத் தெரியும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாதது ஷாக்கின் மேல் ஓட்டம். முன்பக்க ஸ்ட்ரட்டின் தூசி உறையை உயர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் உடலுக்கும் மேலேயிருக்கும் ரப்பர் நிறுத்தத்துக்கும் இடையில் எவ்வளவு தண்டு தெரிகிறது என்று அளந்து பாருங்கள். அது 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. தாழ்த்தியவுடன் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் அதே குழியின் அடியைத் தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் கடினமாக இருந்தாக வேண்டும். கடின ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஷாக்கும் அதற்குத் தகுந்த வலுவோடு இருக்க வேண்டும். ஆகவே லோவரிங் ஸ்பிரிங் மட்டும் வாங்கி, 60,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்கின் மேல் மாட்டுவது அரைகுறை வேலை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக, உங்கள் வண்டியின் பெயரையும் எஞ்சின் வகையையும் சொல்லி வாங்க வேண்டும். டீசல் எஞ்சின் கனம் அதிகம் என்பதால் பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங் அதற்குச் சரிப்படாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதன் விளைவை என் குடும்பத்தோடு அனுபவித்திருக்கிறேன். முதல் காரை வாங்கிய புதிதில், எல்லைக்கு அப்பால் ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒரு சுற்றை வெட்டிக்கொண்டேன். தனியாக ஓட்டியபோது குறை தெரியவில்லை. தைப்பூசத்துக்கு ஐந்து பேராக உடுமலை வழியே பழனிக்குக் கிளம்பினோம். வழி நெடுகப் பின்சக்கரம் மட்கார்டில் உரசியது. திரும்பும்போது ஒரு பாலத்தின் மூட்டில் வண்டி துள்ளி இறங்கிய நொடியில் பின்பக்க ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் தாயாரின் நெற்றி முன் இருக்கையில் மோதி வீங்கியது. வேகம் குறைவாக இருந்ததால் அதோடு போயிற்று. காரணம் எளிது. ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் பொருந்துவதற்கென்றே வளைத்துத் தட்டையாக்கப்பட்டது; அதை வெட்டினால் பிடிப்பு போய்விடும். நீளமும் குறைவதால் சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங் தளர்ந்து நழுவும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் இருபது சதவீதம் கடினமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடினத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ரம்பம் தேர்ந்தெடுத்திருக்கிறது. கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது இதைவிட ஆபத்து. எஃகின் பதம் அந்த இடத்தில் அழிந்துவிடும். பிறகு அது எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கழற்றிப் பூட்டும் வேலை

வேலை செய்யும் தரை காங்கிரீட்டாக இருக்க வேண்டும். சித்தூர்க் கிழக்குப் பகுதியில் பல வீட்டு முற்றங்கள் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் ஜாக்கி ஒரு சாண் உள்ளே இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நுழைக்கக் கூடாது. இருபுறமும் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். கருங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் அல்ல, பாரத்தில் அவை முன்னறிவிப்பின்றி உடையும். தொடங்குவதற்கு முன் நான்கு பக்கமும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். ஹப்பிலிருந்து அளப்பதே ஸ்பிரிங்கின் உண்மையான வேறுபாட்டைக் காட்டும்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்கிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முன்பக்கத்தில், ஸ்ட்ரட்டில் கிளிப் போட்டிருக்கும் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டை, ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் நிலையைச் சுண்ணக்கட்டியாலோ பெயின்ட்டாலோ குறித்துக்கொண்ட பிறகே எடுக்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பர் கோணம் அந்த இடத்தில்தான் மாறுகிறது. போல்ட்டை உருவியதும் நக்கிள் வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்ட்டை இழுக்கும். அதைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் உள் மூட்டு கழன்று, கிரீஸ் கொட்டி, வேலை இரண்டு மடங்காகும். மேல் மவுன்ட் நட்டுகளைக் கடைசியாகக் கழற்றி, ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கி இறக்குங்கள்.

ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டாக வேண்டும். இதில் எந்தக் குறுக்கு வழியும் இல்லை. அமுங்கிய நிலையில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் வேகத்தில் மவுன்ட்டைத் தூக்கி எறியும். இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக மாட்டி, ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்கி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடும்போது மட்டுமே நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்ட்ரட்டின் தலைப்பக்கம் உங்கள் முகத்தையோ வேறொருவரையோ நோக்கி இருக்கக் கூடாது. கம்ப்ரஸர் வாடகைக்கும் கிடைக்காது என்றால், ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் செய்து வாருங்கள்.

புதிய ஸ்பிரிங்கின் கீழ் முனை, இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். மேல் மவுன்ட்டின் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, கரகரவென்றிருந்தால் இப்போதே மாற்றுங்கள். லாக் நட்டுகளை மறுபடி பயன்படுத்த வேண்டாம். ரப்பர் நிறுத்தத்தை வெட்டச் சொல்லி ஸ்பிரிங் தயாரிப்பாளர் குறிப்புக் கொடுத்திருந்தால் அந்த அளவு மட்டும் வெட்டலாம். முழுவதும் எடுத்துவிடுவது ஷாக்கை இரும்போடு இரும்பாக மோதவிடும்.

பின்பக்கம் எளிது. ஸ்விஃப்டில் பின் அச்சு முறுக்குத் தண்டு வகை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. தண்டை ஜாக்கியால் தாங்கி, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்து, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

புதிய ஸ்பிரிங்கை வைப்பதற்கு முன், இந்த நிலையில் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. கூடுதலாக அரை மணி நேரம் பிடிக்கும்; முழு வேலையிலும் பயன் மிகுந்த அரை மணி அதுவே. ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, புதிய சக்கரத்தையும் பூட்டி, ஜாக்கியால் தண்டை ரப்பர் நிறுத்தம் முட்டும்வரை உயர்த்துங்கள். டயர் எங்கே தொடுகிறது என்று உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். முன்பக்கத்திலும் ஸ்பிரிங் இல்லாத ஸ்ட்ரட்டை மாட்டி இதையே செய்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்கும் சக்கரத்தின் ஆரக்காலுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று தெரியாவிட்டால், காலிபரின் மேல் ஈரக் களிமண்ணை அப்பிச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். அமுங்கி மிஞ்சிய மண்ணின் தடிமனே இடைவெளி. மூன்று மி.மீ.க்குக் குறைந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம். தரையில் நிற்கும் வண்டியில் விரல் விட்டுப் பார்த்து ‘இடம் இருக்குதுங்க’ என்று சொல்வது சோதனை ஆகாது. என் பழனிப் பயணத்தில் உரசிய டயருக்கும் வீட்டு வாசலில் நின்றபோது இரண்டு விரல் இடம் இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், லோயர் ஆர்ம், பின் தண்டு ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை நீங்கள் தளர்த்தியிருந்தால், அவற்றைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டி தன் சக்கரத்தில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும். வண்டியின் உயரமும் சரியாக உட்காராது.

நட்டு, முறுக்கு விசை, ஸ்டெப்னி

ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்த பிறகே அலாயை வைக்க வேண்டும். ஸ்விஃப்டின் ஸ்டட் எம் 12×1.25 மரை, ஐ20-யும் ஜாஸும் எம் 12×1.5. கடை டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கும். கையால் சுற்றும்போது முதல் இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை மாறிவிட்டது என்று பொருள். அலாயின் அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் நட்டு ஏறும் நீளம் குறையலாம். 1.25 மரையில் குறைந்தது பத்து முழுச் சுற்றும், 1.5 மரையில் எட்டும் ஏற வேண்டும். நட்டின் கூம்பும் சக்கரத் துளையின் கூம்பும் ஒரே வடிவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹோண்டாவின் நட்டு உருண்டை முகம் கொண்டது, கடை அலாய்களில் பெரும்பாலானவை கூம்புத் துளை.

நட்சத்திர வரிசையில், கையேட்டில் சொல்லியுள்ள முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு இது பொதுவாக 85-க்கும் 110-க்கும் இடைப்பட்ட நியூட்டன் மீட்டர். ஸ்பானரில் பைப் போட்டு ஏறி மிதித்தால் ஸ்டட் நீண்டுவிடும். எண்ணெயோ கிரீஸோ மரையில் தடவ வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும், சக்கரம் ஆறிய பிறகு, மறுபடியும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். புதிய அலாய் தன் இடத்தில் உட்காரும்போது நட்டுகள் சற்றுத் தளர்வது இயல்பு.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரம்தான். அலாயின் நட்டு அதற்குப் பொருந்தாவிட்டால், பழைய நட்டுகள் நான்கையும் ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நெல்லியாம்பதி மலையேற்றத்தில், போத்துண்டி தாண்டியபின் பஞ்சரானால், வீட்டில் விட்டுவந்த நட்டுக்காக இறங்கி வர முடியாது.

பூட்டிய பிறகு

வண்டி தாழும்போது ஸ்டியரிங் தண்டுகளின் கோணம் மாறுவதால் முன்சக்கரங்களின் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது அவை நேரே நிற்கும் கோணம், விலகிவிடும். கேம்பரும் உள்பக்கமாகச் சாயும். கேம்பர் அரை டிகிரி மாறினால் டயர் பொறுத்துக்கொள்ளும். டோ விலகல்தான் டயரை உள்விளிம்பில் அரைத்துத் தள்ளும். ஆகவே பட்டறையிலிருந்து நேராக அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். ஸ்பிரிங் உட்கார இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹப்பிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, இரண்டாம் முறை அலைன்மென்ட் செய்ய வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் ஐந்து மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் முனை படியில் உட்காரவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் தாழவில்லை என்றால் முகப்பு விளக்கின் ஒளி மேலேயோ கீழேயோ போயிருக்கும். இருட்டியபின் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தித் திருத்திக்கொள்ளுங்கள்.

உரசலைக் கண்டுபிடிக்க, மட்கார்டின் உட்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேலந்தாவளம் வரை ஒருமுறை போய் வாருங்கள். சுண்ணாம்பு அழிந்திருக்கும் இடம் டயர் தொடும் இடம். பிளாஸ்டிக் லைனரில் இலேசாகத் தொட்டிருந்தால் அதைச் சூடு காட்டி உள்ளே தள்ளிவிடலாம். மட்கார்டின் இரும்பு மடிப்பில் தொட்டிருந்தால், மடிப்பைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அங்கே பெயின்ட் வெடித்து அடுத்த மழையிலேயே துரு ஏறும். பிரச்சினை ஆஃப்செட்டிலோ தாழ்த்திய அளவிலோ இருக்கிறது, அதைத்தான் திருத்த வேண்டும்.

கழற்றிய ஸ்பிரிங்குகளையும் ஷாக்குகளையும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். முன், பின், இடது, வலது என்று சீட்டுக் கட்டி, எண்ணெய் துடைத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளிலோ, பரிசோதனையில் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் நாளிலோ, அவை கையில் இருந்தால் வேலை ஒரு பகலில் முடியும்.